தீக்குச்சியும் வால்டியூபும்: அர்விந்த் குப்தாவின் பொம்மைத் தளம், ஒரு கோடை விடுமுறைக்குப் பின்

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளின் பள்ளியிலிருந்து சென்ற ஆண்டு ஒரு குறிப்பு வந்தது. வீட்டில் தூக்கி எறியும் பொருளைக் கொண்டு ஏதேனும் செய்து வர வேண்டும் என்ற, பல பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கும் ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ போட்டிக்கான குறிப்புதான் அது. குழந்தைக்குக் கொடுத்த வேலை வழக்கம்போல அப்பாவின் தலையில் விழுந்தது. அவசரத்துக்கு இணையக் கடை ஒன்றில் 650 ரூபாய் கொடுத்து ஒரு கைவினைப் பெட்டி வாங்கினேன். மேலே ‘மறுசுழற்சிக் கைவினை’ என்று அச்சிட்டிருந்த அந்தப் பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறையில் புத்தம் புதிய அட்டைக் குழல்கள் நான்கு இருந்தன. கழிவறைக் காகிதச் சுருள் தீர்ந்தபின் மிஞ்சும் குழலுக்கு மாற்றாக அவற்றை வைத்திருக்கிறார்கள் என்பது கையேட்டைப் படித்த பிறகே விளங்கியது. நம் வீடுகளில் அந்தக் குப்பை சேர்வதில்லை என்பதால் குப்பையையும் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. கூடவே ஒட்டும் கண்கள், ஜிகினாத் தூள், சுண்டுவிரல் நீளப் பசைக் குழாய். அரை மணி நேரத்தில் ஓர் ஆந்தை உருவானது. அது பள்ளிக்குப் போய்வந்து, அலமாரியில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்து, பிறகு குப்பைக் கூடைக்குள் போனது.

அந்த ஆந்தையைத் தூக்கிப் போடும்போதுதான் ஒன்று உறைத்தது. வெறும் அட்டையாக இருந்திருந்தால் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டிருப்பார். பசையும் பெயின்ட்டும் ஜிகினாவும் ஏறிய அட்டையை அவர் தொடுவதில்லை. காலித் தண்ணீர் பாட்டிலுக்கும் இதே கதைதான். கழுவிய பாட்டிலை விலைக்கு எடுப்பார். வண்ணம் பூசிப் பூந்தொட்டியாக்கிய பாட்டிலை ஒதுக்கிவிடுவார். ஆக, மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய பொருளை நாம் அலங்கரித்து, எதற்கும் உதவாத குப்பையாக்கி, அதற்கு மறுசுழற்சிக் கைவினை என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம். இந்த எரிச்சலோடு தேடியபோது கண்ணில் பட்டதுதான் அர்விந்த் குப்தாவின் இணையதளம். கோடை விடுமுறை முழுவதும் மகளும், விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகனும், நானுமாக அதைப் பயன்படுத்திப் பார்த்த பின்னரே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

அர்விந்த் குப்தா ஐஐடி கான்பூரில் மின்பொறியியல் படித்தவர். புனேயில் டெல்கோ நிறுவனத்தில் லாரி தயாரிக்கும் வேலையில் இருந்தவர், 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குப் போனார். இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கும் அந்த மாவட்டத்தில், கிராமப் பள்ளிகளில் செய்முறை வழியாக அறிவியல் கற்பிக்கும் திட்டம் ஒன்று 1972-இல் 16 பள்ளிகளோடு தொடங்கி நடந்துகொண்டிருந்தது. (2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது, அது தனிக் கதை.) ஆய்வகமும் கருவியும் வாங்க வசதியில்லாத பள்ளிகளுக்கு, வாரச்சந்தையில் என்ன கிடைக்கிறதோ அதைக்கொண்டே பாடம் நடத்த வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து பிறந்தவை அவருடைய பொம்மைகள். பின்னாளில் புனேயில் ஐயூகா வானியல் மையத்தின் குழந்தைகள் அறிவியல் கூடத்தில் 2014 வரை பணியாற்றினார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். இவ்வளவையும் சொல்லக் காரணம், இந்தத் தளத்தில் உள்ளவை ஓய்வு நேர அலங்காரங்கள் அல்ல என்பதே. ஒவ்வொரு பொம்மையும் ஏதோ ஒரு வகுப்பறையில் ஏதோ ஒரு கருவிக்கு மாற்றாக நின்றது. அதனால் அவை பெரும்பாலும் ஓடுகின்றன, சுழல்கின்றன, ஊதுகின்றன, நீர் இறைக்கின்றன.

தளத்தைப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை. பெயரும் கைப்பேசி எண்ணும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. காற்று, நீர், ஒலி, மின்சாரம், காந்தம், கணக்கு, செய்தித்தாள் என்று பொருள்வாரியாகப் பொம்மைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் படிப்படியான நிழற்படங்களும் கீழே ஓரிரு வரி ஆங்கில விளக்கமும் உண்டு; ஓரிரு நிமிடம் ஓடும் காணொளிகளும் உண்டு. காணொளிகள் பலவற்றைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் கொடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். பின்னணி இசை இல்லை, கூச்சல் இல்லை. ஒரு கை, ஒரு கத்தரிக்கோல், ஒரு பொருள், அவ்வளவுதான். யூடியூபின் பளபளப்புக்குப் பழகிய என் மகள் முதல் நாள் முகம் சுளித்தாள். மூன்றாம் நாள் அவளே காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கத் தொடங்கினாள்.

முதலில் செய்தது தீக்குச்சி வடிவங்கள். சைக்கிள் வால்வில் மாட்டும் மெல்லிய கறுப்பு ரப்பர்க் குழலை, நம் பக்கத்துச் சைக்கிள் கடைகளில் வால்டியூப் என்பார்கள், ஒன்றரை சென்டிமீட்டர்த் துண்டுகளாக வெட்டி, இரு முனைகளிலும் தீக்குச்சிகளைச் செருகினால் அது ஒரு மூட்டு. பசை வேண்டாம், கயிறு வேண்டாம். ஒரு துண்டின் நடுவே முள்ளால் குத்தித் துளையிட்டு மூன்றாவது குச்சியைச் செருகினால் மும்முனை மூட்டு. காட்டுக் கருவேல முள் இதற்கென்றே விளைந்ததுபோல் இருக்கிறது. ஊசியைவிடத் தடிமனான, கிழிக்காத துளையை இடுகிறது. குச்சியின் தலையில் உள்ள மருந்தை முதலில் நீக்க வேண்டும். உலர்ந்த நிலையில் சுரண்டினால் பற்றிக்கொள்ளலாம் என்பதால், நான் இரவே குச்சிகளைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்து, காலையில் மருந்தை வழித்துவிட்டு வெயிலில் காயவைத்தேன். இந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். மெழுகுக் குச்சி உள்ள தீப்பெட்டியை வாங்கிவிட வேண்டாம். அந்தக் குச்சி வளையும், நிற்காது. மரக்குச்சிதான் வேண்டும். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டிகள் எந்த மளிகைக் கடையிலும் இரண்டு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. (2021 டிசம்பர் வரை ஒரு ரூபாய்தான்.)

முக்கோணம், சதுரம், ஐங்கோணம் என்று வரிசையாகச் செய்து தரையில் பரப்பினோம். சதுரத்தின் ஒரு மூலையை மகள் விரலால் அழுத்தினாள். அது சாய்சதுரமாகிப் பிறகு தட்டையாகப் படுத்துவிட்டது. ஐங்கோணம் படகுபோலக் குழிந்தது. முக்கோணத்தை எப்படி அழுத்தியும் அது அசையவில்லை. “அப்பா, இது மட்டும் ஏன் சாயமாட்டேங்குது?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை என்பதை என் பெருமையாகவே குறிப்பிடுகிறேன், ஏனெனில் சொல்லும் ஆசை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணன் மகன் சதுரத்தை நிமிர்த்தி, மூலைவிட்டமாக ஒரு குச்சியைச் செருகிப் பார்த்தான். எட்டவில்லை. இரண்டு குச்சிகளை வால்டியூப் துண்டால் இணைத்துப் பார்த்தான். நீண்டுவிட்டது. “சித்தப்பா, ஒண்ணு பத்தல, ரெண்டு ஜாஸ்தி” என்றான். இரண்டாவது குச்சியை அரைக்குச்சி அளவுக்குச் சற்றுக் குறைவாக ஒடித்துச் சேர்த்த பிறகே சதுரம் அசையாமல் நின்றது. சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல ஏறத்தாழ 1.41 மடங்கு என்று கரும்பலகையில் படித்தவன் நான். அவன் அதைக் குச்சி ஒடித்துக் கண்டுபிடித்தான். அன்று மாலை மொட்டை மாடியில் நின்றபடி, எதிர்த் தெருவில் இருக்கும் செல்போன் கோபுரத்தில் எத்தனை முக்கோணங்கள் என்று இருவரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆறு குச்சிகளில் நான்முகியும், அதற்கடுத்த வாரம் முப்பது குச்சிகளும் பன்னிரண்டு மூட்டுகளும் கொண்ட இருபதுமுகியும் வந்தன. கடைசியாகச் சொன்னதற்கு ஐம்முனை மூட்டுகள் வேண்டும். அவற்றில் பாதிக்குமேல் நான்தான் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம் என்பதே இதில் எனக்கு மிகவும் பிடித்தது. கனசதுரமாக நின்ற குச்சிகள் மறுநாள் வீடாகின்றன. கிழிந்த வால்டியூப் துண்டுகளைத் தவிர எதுவும் வீணாகவில்லை. பொம்மையை உடைத்துப் பார்ப்பதுதான் குழந்தை அதைக்கொண்டு செய்யக்கூடிய மிகச் சிறந்த காரியம் என்று குப்தா சொல்வதுண்டு. ஆந்தையை உடைத்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அடுத்தது மின்மோட்டார். இதில்தான் நான் தோற்றேன். பிழை என்னுடையதே, தளத்தினுடையது அல்ல. டார்ச்சில் போடும் பெரிய பேட்டரி ஒன்று, ஊக்குகள் இரண்டு, பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம், ஒரு மீட்டர் எனாமல் கம்பி (மின்சாரம் கடத்தாத பூச்சு உள்ள செப்புக் கம்பி). மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டேன். தரையில் கிடந்த கழிவுக் கம்பியை அள்ளிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. கம்பியைப் பேட்டரியின் மேலேயே பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றிக் கழற்றினால் சுருள் தயார். இரு முனைகளையும் பக்கவாட்டில் நீட்டி ஊக்கின் கண்களில் மாட்ட வேண்டும். மாட்டுமுன் அந்த முனைகளின் எனாமலைச் சுரண்ட வேண்டும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. மூன்று பக்கம் சுரண்டி, ஒரு பக்கத்தை அப்படியே விட வேண்டும் என்று படத்தின் கீழ் ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்கள். நானோ வேலையைச் சுத்தமாகச் செய்வதாக எண்ணி, நான்கு பக்கமும் பளபளவென்று சுரண்டிவிட்டேன். சுருள் நடுங்கியது; இப்படியும் அப்படியும் ஆடியது; சுழலவில்லை. பேட்டரி சூடேறத் தொடங்கியதும் கழற்றி வைத்துவிட்டு, காந்தத்துக்கு வலுவில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

பையன் காணொளியை மறுபடி ஓடவிட்டுப் பிழையைக் கண்டுபிடித்தான். சுருளில் மின்சாரம் இடைவிடாமல் பாய்ந்தால், காந்தம் முதல் அரைச் சுற்றில் அதை ஒரு திசையில் தள்ளும், அடுத்த அரைச் சுற்றில் எதிர்த் திசையில் தள்ளும். ஆகவே சுருள் ஊசலாடுமே தவிரச் சுழலாது. ஒரு பக்கம் எனாமல் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது நேரம் மின்சாரம் தடைபடும். அந்த நேரத்தைச் சுருள் தன் வேகத்தாலேயே கடந்துவிடும். மறுபடி கம்பி சுற்றச் சோம்பல். மனைவியின் நகப்பூச்சை எடுத்து முனைகளின் ஒரு பக்கத்தில் மட்டும் தீட்டிக் காயவைத்தோம். எனாமலுக்குப் பதிலாக நகப்பூச்சு மின்சாரத்தைத் தடுத்தது. விரலால் இலேசாகத் தட்டியதும் சுருள் எடுத்த வேகத்தில் அதன் உருவமே தெரியவில்லை. சிவப்பு நகப்பூச்சின் தடம் மட்டும் ஒரு மெல்லிய வளையமாகத் தெரிந்தது. இதைச் செய்து பார்ப்பவர்கள், சுருள் சுழலாமல் நின்றுவிட்டால் உடனே எடுத்துவிட வேண்டும் என்பதை நினைவில் வைக்கவும். நின்ற சுருள் ஷார்ட் சர்க்யூட்டாகிப் பேட்டரியை வடித்துவிடும், கம்பியும் சுடும். தீர்ந்த பேட்டரியைச் சமையலறைக் குப்பையோடு சேர்க்கவும் கூடாது.

செய்தித்தாள் தொப்பிகள் எளியவை. மழை நாளுக்கு நல்லவை. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒலிப் பகுதி வேறு ரகம். உறிஞ்சு குழலின் ஒரு முனையைப் பல்லால் கடித்துத் தட்டையாக்கி, இருபுறமும் சாய்வாக நறுக்கிக் கூராக்கி, உதட்டுக்குள் வைத்து ஊதினால் வாத்துபோலக் கத்துகிறது. ஊதிக்கொண்டே மறுமுனையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்க, சுருதி படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறது. காதுக்கு இனிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் இருப்பது கும்பகோணம். நாகஸ்வரம் செய்வதற்குப் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் நாகஸ்வரம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்து, தம் பையிலிருந்து, நாகஸ்வரத்தின் முனையில் பொருத்தி ஊதும் சீவாளி ஒன்றை எடுத்துக் காட்டினார். காவிரிக் கரையில் வளரும் கொறுக்கை என்ற நாணலிலிருந்து செய்யும் அந்தச் சீவாளியும், குழந்தைகள் கையில் இருந்த நறுக்கிய குழலும் ஒரே தத்துவம்: ஒன்றோடொன்று ஒட்டி அதிரும் இரண்டு உதடுகள். பெரியவர் சீவாளியை எச்சிலில் நனைத்து, நாகஸ்வரத்தில் பொருத்தாமல் தனியாக ஊதினார். அதுவும் வாத்துபோலத்தான் கத்தியது. குழந்தைகளுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பூவரசு இலையைச் சுருட்டி ஊதியவர்கள் நாம்; நம் பிள்ளைகள் அதற்கு ஒரு புனே ஆய்வகத்தின் வழியாக வந்து சேர வேண்டியிருக்கிறது என்று அன்று தோன்றியது. குறையாகச் சொல்லவில்லை, வழி எதுவானாலும் வந்து சேர்ந்தார்கள்.

இனி, பயன்படுத்துவோர் எதிர்பார்த்திருக்க வேண்டிய சிக்கல்கள். இந்தப் பொம்மைகளில் பல அந்தக் காலத்துக் குப்பையிலிருந்து பிறந்தவை. குப்பையும் காலத்தோடு மாறுகிறது. நீர் இறைக்கும் பம்புகளில் பல, கேமரா பிலிம் சுருள் வரும் மூடியிட்ட டப்பிகளைக் கேட்கின்றன. எங்கள் ஊர் ஸ்டுடியோவில் கேட்டபோது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாத்திரை டப்பிகளைக்கொண்டு சமாளிக்கலாம், ஆனால் மூடி அவ்வளவு இறுக்கமாக உட்காராது, காற்று கசியும். உறிஞ்சு குழலின் கதை இன்னும் சிக்கலானது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் பிளாஸ்டிக் உறிஞ்சு குழலுக்குத் தடை இருக்கிறது. நியாயமான தடைதான். ஆனால் குழலை முக்கோணமாக மடித்து, ஈர்க்குச்சியில் கோத்து, நீரில் நிறுத்திச் சுழற்றினால் மழைபோலத் தெளிக்கும் அழகான பொம்மை ஒன்று இருக்கிறது. அதைக் காகிதக் குழலில் செய்தால் பத்து நிமிடத்தில் நைந்துவிடுகிறது. ஊதலுக்கும் காகிதக் குழல் உதவாது, எச்சில் பட்டதும் தளர்ந்துவிடும். சமையலறை இழுப்பறையின் அடியில் கிடந்த பழைய குழல்கள் ஐந்தாறு எங்களைக் காப்பாற்றின. அவை தீர்ந்ததும் பப்பாளித் தண்டுக்கு மாறினோம். இலை பிரியும் இடத்தில் மூடியிருக்கும்படி வெட்டி, அருகே நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு ஊதினால் குழலைவிடக் கனமான ஒலி வருகிறது. வெட்டிய தண்டைக் கழுவிவிட்டுக் கொடுங்கள். பால் உதட்டில் பட்டால் அரிக்கும்.

பொம்மைகள் பொருள்வாரியாகத்தான் வரிசையாகியிருக்கின்றன, வயதுவாரியாக அல்ல. ஐந்து வயதுக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடக்கூடியவை குறைவு. பிளேடு, ஊசி, முள், கம்பி என்று ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. எனவே இது குழந்தையைத் தனியே உட்காரவைத்துவிட்டுச் சமைக்கப் போவதற்கான ஏற்பாடு அல்ல. உங்கள் நேரத்தையும் சேர்த்துக் கேட்கும் ஏற்பாடு. நாள் முழுவதும் வேலைக்குப் போய்த் திரும்பும் பெற்றோருக்கு அது சிறிய விலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு ஒரு பொம்மை என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரே நாளில் மூன்று செய்ய முயன்றபோது, மூன்றாவதில் நாங்கள் மூவரும் சண்டை போட்டுக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு இவை அழகாக இரா. வண்ணம் பூசுவதிலும் ஒட்டுவதிலும் மனம் செல்லும் குழந்தைக்கு இந்தத் தளம் ஏமாற்றம் தரலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளும் நாட்காட்டித் தாள்களும் மைதாப் பசையும் கொடுத்து விட்டுவிடுவதே மேல். பத்திரிகை அட்டையைப் போன்ற உறுதியான, வழவழப்பான தாளை எந்தக் கைவினைப் பெட்டியிலும் நான் கண்டதில்லை.

விடுமுறை முழுவதற்கும் எங்களுக்கு ஆன செலவு இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை. அதில் பாதிக்குமேல் பேட்டரிக்குப் போனது. இந்த ஆண்டுப் போட்டிக்கு மகள் மோட்டாரைத்தான் கொண்டுபோனாள். அலங்காரம் இல்லாததால் பரிசு இல்லை. ஆனால் இடைவேளையில் அதைச் சுற்றிக் கூட்டம் நின்றதாகவும், இரண்டு பிள்ளைகள் கம்பி கேட்டதாகவும் சொன்னாள். மறுநாள் காயில் கட்டும் கடைக்கு மறுபடி போனேன். திரும்பும் வழியில் சைக்கிள் கடையில் இன்னும் நான்கு அடி வால்டியூப் கேட்டேன். புதிய சைக்கிள்களில் வால்வே மாறிவிட்டது, இதைக் கேட்டு இப்போது யாரும் வருவதில்லை என்று சொல்லிக்கொண்டே, கடைக்காரர் ஆணியில் தொங்கிய சுருளை எடுத்து முழத்தால் அளந்து பார்த்தார். ஆறு முழம் இருந்தது. மொத்தத்தையும் வாங்கிக்கொண்டேன்.